காப்பவன் கையில் எழுதுகோல்

2022-ஆம் ஆண்டு பிப்பிரவரி 18-ஆம் நாள் தில்லி அரசும் ஒன்றிய அரபு அமீரக அரசும் வணிக உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. மே முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதுகாறும் அமீரகத் துறைமுகங்களில் நம் ஆடைகளுக்கு விதிக்கப்பட்டுவந்த 5 விழுக்காட்டுச் சுங்கவரி நீங்கிற்று. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் அதனை மகிழ்ந்து வரவேற்றனர். மகிழ்ந்தது பிழையன்று. நூல் விலையும் சாயக் கூலியும் ஏற ஏற, ஓர் ஆடைக்கு ஒரு காசு இரு காசு எனக் கணக்குப் பார்த்து வாழும் ஊரில் நூற்றுக்கு ஐந்து என்பது சிறு தொகையன்று.

அந்நாள்களில் என்னிடம் முன்பு தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். 'பனியன் கம்பெனி' என்று ஊரார் வழங்கும் பின்னலாடைக் கூடமொன்றில் பெட்டி கட்டும் பிரிவில் அவர்க்கு வேலை. துபாய்க்கும் சார்சாவுக்கும் செல்லும் பெட்டிகளில் முகவரி ஒட்டுகின்றவர் அவர்தாம். "ஐயா, பின்னுகிறவர் நம்மவர், தைக்கிறவர் நம்மவர், வாங்குகிறவர் அமீரகத்தார். அவர்களுக்காக அவர்களே கையெழுத்திட்டார்கள். நமக்காக யார் ஐயா கையெழுத்திட்டது?" என்று கேட்டார். "தில்லி" என்றேன். "நம்மைக் கேட்டார்களா?" என்றார். நான் இலக்கண ஆசிரியன். 'உடன்படிக்கை செய்தோம்' என்னும் தொடரில் 'நாம்' என்பது தோன்றா எழுவாய் என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்தவன். அந்தத் தோன்றா எழுவாய் இறுதிவரை தோன்றாமலே போகும் என்பதை எந்த இலக்கண நூலும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் வினாவில் ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. இன்று தம் பெயரால் தாமே உடன்படிக்கை எழுதும் அந்த அமீரகத்தார், 1971 வரை அவ்வுரிமை இல்லாதவர்களாய் இருந்தனர். அவர்கட்காக வேறொருவன் எழுதினான். அந்த வேறொருவன் நமக்கும் தெரிந்தவனே.

1819-இல் பம்பாயிலிருந்து சென்ற ஆங்கிலக் கடற்படை இராசல்கைமாத் துறையைத் தீயிட்டு அழித்தது. அடுத்த ஆண்டு, 1820-இல், அக்கரையோரத் தலைவர்கள் ஒரு பொது உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். கடற்கொள்ளையை ஒழிக்கவும் கடல்வழி அமைதியைக் காக்கவுமே அஃது என்று வெள்ளையர் கூறினர். 1853-இல் அது நிலையான கடலமைதி உடன்படிக்கை ஆயிற்று. அமைதியை வேண்டாதார் யார்? ஆயின் 1892-இல் வந்தது வேறு வகையான ஆவணம். ஆங்கில அரசைத் தவிர வேறெந்த அரசோடும் உடன்படிக்கை செய்வதில்லை, மடல் எழுதுவதுகூட இல்லை. வேறெந்த அரசின் முகவனையும் தம் மண்ணில் தங்கவிடுவதில்லை. தம் நிலத்தில் எப்பகுதியையும் ஆங்கில அரசுக்கன்றி வேறெவர்க்கும் விற்பதில்லை, அடகு வைப்பதில்லை, விட்டுக்கொடுப்பதில்லை. இவ்வாறு அத்தலைவர்கள் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்குமாக உறுதி கூறினர். பகுரைன் தலைவரும் அவ்வாண்டே அவ்வாறு கட்டுண்டார். 1899-இல் குவைத்துத் தலைவர் முபாரக்கு 15,000 உரூபாவைப் பெற்றுக்கொண்டு அதே நுகத்தில் தலை கொடுத்தார். கத்தார் 1916-இல் வந்து சேர்ந்தது.

நம் மக்கள் நெஞ்சில் இருத்த வேண்டுவது ஒன்றுண்டு. இவ்வாவணங்கள் இலண்டனில் எழுதப்பட்டவை அல்ல. பாரசீக வளைகுடாவில் ரெசிடெண்டு என்னும் பெயரில் அமர்ந்திருந்த ஆங்கில அலுவலர் 1873 வரை பம்பாய் அரசுக்கும், அதன்பின் 1947 வரை இந்திய அரசுக்கும் கட்டுப்பட்டவர். 1892-ஆம் ஆண்டின் உறுதிமொழிகட்கு ஒப்புதல் அளித்தவர் இந்திய வைசிராய் லான்சுடவுன். ஏட்சிசன் என்பார் தொகுத்த உடன்படிக்கைத் தொகுதிகளைக் கல்லூரி நூலகத்தில் புரட்டியவர்க்கு இது விளங்கும். ஆர்க்காட்டு நவாபும் தஞ்சை மன்னரும் கும்பினியாரிடம் எழுதிக்கொடுத்த தாள்களும், வளைகுடாத் தலைவர்கள் எழுதிக்கொடுத்த தாள்களும் ஒரே தொகுப்பில் அடுக்கப்பட்டுள்ளன. எழுதியது ஒரே எழுத்தகம். ஆர்க்காட்டார் 1801-இல் முற்றாக எழுதிக்கொடுத்து முடித்துவிட்டார். வளைகுடாவினர்க்கு மாட்சியின் பெயரளவேனும் எஞ்சிற்று. அவ்வளவே வேறுபாடு.

காப்பவன் கையில் எழுதுகோல் இருந்தால் என்னவாகும் என்பதற்கு உகைர் என்னும் கடற்கரை ஊரில் 1922-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததைவிட நல்ல சான்று இல்லை. நெசுதின் தலைவர் இபுன் சவூதுக்கும் ஈராக்குக்கும் குவைத்துக்கும் எல்லை வகுக்கக் கூடினர். இபுன் சவூது நேரில் வந்திருந்தார். ஈராக்கின் சார்பில் ஓர் அமைச்சர் வந்திருந்தார். குவைத்தின் சார்பில்? குவைத்தியர் எவரும் இலர். குவைத்தில் இருந்த ஆங்கில அரசியல் முகவர் மேசர் மோர் என்பவரே குவைத்தின் பேராளர்! பேச்சு நாள்கணக்கில் நீண்டது. இறுதியில் ஆங்கில உயர் ஆணையர் பெர்சி காக்சு சிவப்புக் கரிக்கோலை எடுத்து நிலப்படத்தில் தாமே கோடு கிழித்தார். 1913-இல் ஆங்கிலேயரே துருக்கியரோடு எழுதிய உடன்படிக்கையில் குவைத்துக்கு உரியதென ஒப்பிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அக்கோட்டிற்கு அப்பால் போயிற்று. பேராளர் மோர் வாய் திறக்கவில்லை, கையெழுத்திட்டார். அங்கிருந்த டிக்சன் என்னும் ஆங்கில அலுவலர் இவற்றையெல்லாம் பின்னாளில் எழுதிவைத்துள்ளார். காக்சு குவைத்துக்கு வந்து செய்தியைச் சொன்னபோது, என்னைக் கேளாமல் என் நிலத்தைக் கொடுத்தது ஏன் என்று தலைவர் அகமது வினவினாராம். கொடுத்திராவிட்டால் இபுன் சவூது வாளால் எடுத்திருப்பார் என்பது காக்சின் விடை. வலியவனைத் தன்பால் வைத்துக்கொள்ளத் தன் காவலில் உள்ள எளியவன் நிலத்தை எடுத்துக் கொடுத்தான் வெள்ளையன். தன் நிலத்தில் ஒரு முழம் கொடுத்தானா? இல்லை.

காப்பேன் என்றவன் காத்தானா என்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலக் காப்பு 1971 திசம்பர் முதல் நாளோடு முடிவதாய் இருந்தது. அதற்கு முந்தைய நாளான நவம்பர் 30 அன்று ஈரானியப் படை இராசல்கைமாவுக்குரிய தும்புத் தீவுகள் இரண்டிலும் இறங்கிக் கைப்பற்றிற்று. ஆங்கிலக் கப்பற்படை அசையவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக் காவலின் கடைசி நாள் கூலி அது. அத்தீவுகள் இன்றும் ஈரான் கையில் உள்ளன.

இனி நம் கரைக்கு வருவோம்.

வெள்ளையன் 1947-இல் போனான். அவன் மேசைமீது விட்டுச்சென்ற எழுதுகோலைத் தில்லி எடுத்துக்கொண்டது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதற்பட்டியலின் 14-ஆம் பதிவு, வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்யும் அதிகாரம் முழுவதையும் நடுவணரசுக்கே உரிமையாக்குகின்றது. 253-ஆம் கூறு இன்னும் ஒருபடி மேலே போகின்றது. ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காக என்றால், மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்மீதும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். வேளாண்மை மாநிலத்திற்குரியது, மீன்வளம் மாநிலத்திற்குரியது, ஆயின் அயலானோடு ஒரு தாளில் கையெழுத்திட்டுவிட்டால் அவை தில்லிக்குரியன ஆகிவிடும். அக்கையெழுத்திற்கு மாநிலத்தின் இசைவு வேண்டா; நாடாளுமன்றத்தின் முன்னிசைவுகூட வேண்டா. 1892-இல் அரபுத் தலைவர்கள் தம் கையாலேனும் எழுதிக்கொடுத்தனர். தமிழ்நாடு அதையும் எழுதிக்கொடுக்கவில்லை. எழுதிக்கொடுத்ததாக எண்ணிக்கொள்ளப்பட்டது.

கச்சத்தீவு 285 ஏக்கர்ப் பரப்புள்ள சிறு தீவு. சேதுபதிகளின் சமீனுக்கு உட்பட்டிருந்தது. இராமேசுவரம் பகுதி மீனவர்க்கு வலை உலர்த்தும் இடம். அந்தோணியார் கோயில் திருவிழாவில் இருகரைத் தமிழரும் கூடும் இடம். இச்சிறு தீவுக்குத் தாம் ஒரு முதன்மையும் தரவில்லை என்று 1961-இலேயே தலைமை அமைச்சர் நேரு கோப்பில் குறித்துவிட்டார். 1974 சூன் 26-ஆம் நாள் கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும், 28-ஆம் நாள் தில்லியில் இந்திரா காந்தியும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். தீவின் மேற்குக் கரைக்கு ஒரு கல் தொலைவில் கோடு விழுந்தது. தீவு அப்பால் போயிற்று. கையெழுத்து உலர்ந்தபின், சூலை 23 அன்று, வெளியுறவு அமைச்சர் சுவரண்சிங் நாடாளுமன்றத்தில் அறிக்கை படித்தார். தமிழக உறுப்பினர் எதிர்த்து வெளியேறினர். ஆகத்து 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன் மறுப்பைத் தீர்மானமாக்கியது. தீர்மானத்தால் எழுதுகோலைப் பிடுங்க முடியாது.

உடன்படிக்கைக்குமுன் வெளியுறவுச் செயலர் சென்னைக்கு வந்து முதலமைச்சரிடம் பேசினார் என்று 2024-இல் வெளிவந்த பதிவுத்தாள்களைக் காட்டி, 'தமிழ்நாட்டைக் கேட்டுத்தான் செய்தார்கள்' என்று சிலர் வாதிடுகின்றனர். அதனைக் கொண்டு ஒரு கட்சியார் இன்னொரு கட்சியாரை இழித்துப் பேசுவது தேர்தல் மேடைக்குப் பயன்படலாம். நமக்கு அது வேண்டா. பூட்டிய அறையில் ஒருவர் காதில் சொல்வது ஒரு மக்களின் இசைவைப் பெறுவது ஆகுமா? அறைக்குள் தலையசைத்தாரா, அசைக்கவில்லையா என்று ஐம்பதாண்டு கழித்து ஆய்ந்துகொண்டிருக்கும் நிலையே, முறையான இசைவு எதுவும் கேட்கப்படவில்லை என்பதற்குச் சான்று. சட்டமன்றத்தில் வாக்குக்கு விட்டிருந்தால் ஆய்வதற்கு ஒன்றும் இராது.

அதே ஆண்டில் வடக்கே நடந்ததையும் பார்க்க வேண்டும். வங்காளத்தின் பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாக்கித்தானுக்குத் தர 1958-இல் நேரு ஒப்பினார். வங்காளம் கொதித்தது. குடியரசுத் தலைவர் உச்ச நயன்மன்றத்தின் கருத்தைக் கேட்டார். நாட்டின் நிலத்தை அயலார்க்குத் தருவதானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-இல் நயன்மன்றம் கூறியது. அவ்வாறே ஒன்பதாம் திருத்தம் வந்தது. அதன்பின்னும் நிலம் கைமாறவில்லை. 1974 மேத் திங்களில் வங்காளதேசத்தோடு செய்த உடன்படிக்கையில் பெருபாரி இந்தியாவிடமே நின்றது. மே திங்களில் பெருபாரி நின்றது. சூன் திங்களில் கச்சத்தீவு போயிற்று! கச்சத்தீவுக்குத் திருத்தமும் இல்லை, நயன்மன்றக் கருத்தும் இல்லை. ஏனென்று கேட்டால், அது வழக்கில் இருந்த இடம், எல்லையைத் தெளிவாக்கினோமேயன்றி நிலத்தைக் கொடுக்கவில்லை என்கின்றனர். 2011-இல் தீசுத்தை ஆற்று நீரைப் பங்கிட வங்காளதேசத்தோடு எழுதவிருந்த உடன்படிக்கையை மேற்கு வங்க முதலமைச்சர் ஏற்க மறுத்ததும் தில்லி எழுதுகோலை மூடி வைத்தது. வங்காளியர் வென்றதில் நமக்கு வருத்தமில்லை. சட்டம் எல்லார்க்கும் ஒன்றே. அதை வளைக்கும் வலிமை மட்டும் ஒன்றன்று.

1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 5-ஆம் கூறு, மீனவரும் வழிபாட்டுப் பயணிகளும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்று வரலாம், நுழைவிசைவு வேண்டா என்றது. 6-ஆம் கூறு, இருநாட்டுக் கலங்களும் மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்றது. தீவு போயினும் கடல் போகவில்லை என்று மீனவர்க்கு ஆறுதல் சொல்ல இவ்விரண்டும் பயன்பட்டன. 1976 சனவரி 31 அன்று தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றம் இல்லை, நெருக்கடிநிலை வாய்ப்பூட்டு நாடெங்கும் தொங்கிற்று. அதற்கு ஐம்பத்திரண்டாம் நாள், மார்ச்சு 23 அன்று, மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கும் இரண்டாம் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதனோடு இருநாட்டு வெளியுறவுச் செயலர்கள் மடல் மாற்றிக்கொண்டனர். இந்திய மீனவர் இலங்கை நீர்ப்பரப்பில் மீன்பிடித்தல் ஆகாது என்று அம்மடல் கூறிற்று. தலைமுறை தலைமுறையாய் ஒரு கடலில் வலை வீசிய மக்களின் உரிமை, இரு அலுவலர் எழுதிய மடலில் முடிந்தது. எதிர்த்துத் தீர்மானம் இயற்றவும் அன்று ஓர் அவை இல்லை. உகைரில் மோராவது நாற்காலியில் அமர்ந்திருந்தார். 1976-இல் நம் நாற்காலியே இல்லை.

அம்மடலின் விலையை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருபது ஆண்டுகளில் 6,184 மீனவர் இலங்கையால் பிடிக்கப்பட்டனர், 1,175 படகுகள் கைப்பற்றப்பட்டன என்று 2024 ஏப்பிரலில் வெளியுறவு அமைச்சரே செய்தியாளரிடம் சொன்னார். எண் சொன்னாரேயன்றி வழி சொல்லவில்லை. தீவை மீட்க வேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்று 2014-இல் நடுவணரசின் தலைமை வழக்குரைஞர் உச்ச நயன்மன்றத்தில் கூறியிருந்தார். தானாகக் கொடுத்ததை மீட்கப் போர் வேண்டுமாம்! 2025 ஏப்பிரல் 2 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மீண்டும் ஒரு தீர்மானம் நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்பியது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கரையிலிருந்து செல்லும் இழுவைப்படகுகள் கடலின் அடியைச் சுரண்டுவதால் யாழ்ப்பாணத்து மன்னாரத்துத் தமிழ் மீனவர் வலையும் வாழ்வும் இழக்கின்றனர் என்பது பொய்யன்று. போரால் நொந்த நம் உடன்பிறப்புகளின் பானையில் நாம் கை வைக்கலாகாது. ஆயின் இதனைத் தீர்க்கும் வழியும் எழுதுகோலோடு கட்டுண்டு கிடக்கின்றது. 2014-இல் இருகரை மீனவரும் சென்னையிலும் கொழும்பிலும் எதிரெதிரே அமர்ந்து பேசினர். தமிழில் பேசினர். எந்நாளில் எத்தனைப் படகு, எவ்வலை ஆகும், எவ்வலை ஆகாது என்று தமக்குள் பேசக்கூடியவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள் ஒத்துக்கொள்வது எதுவும் சட்டமாகாது. தில்லியும் கொழும்பும் ஒப்பினால்தான் அது உடன்படிக்கை. இல்லையேல் வெறும் உரையாடல். கடலை அறிந்தவனுக்குக் கையெழுத்தில்லை; கையெழுத்துள்ளவன் கடலை நிலப்படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

நிலமும் நீரும் மட்டுமா? மாந்தரையும் எழுதிப் பங்கிட்டனர். 1964 அக்டோபர் 30 அன்று சாத்திரியும் சிறிமாவோவும் மலையகத் தமிழர் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதினர். 1974-இல் அம்மீதியையும் பாதிப் பாதியாக வெட்டினர். நம் பக்கத்து நீலமலையில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாம் பிறந்த மண்ணை விட்டுத் தாம் காணாத 'தாய்மண்ணுக்கு' வர அவர்களுள் எவரிடம் இசைவு கேட்டனர்? ஆட்டு மந்தையைப் பங்கிடும்போது ஆட்டைக் கேட்பதில்லை.

1987 சூலை 29-ஆம் நாள் உடன்படிக்கையில் இக்கொடுமை முழு வடிவம் கொண்டது. ஈழத்தமிழர் சிக்கலைத் தீர்க்க எழுதப்பட்ட தாளில் கையெழுத்திட்டவர் இருவர்: இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும். ஈழத்தமிழர் ஒருவர் கையெழுத்தும் அதில் இல்லை. அதனோடு மாற்றிக்கொண்ட மடல்களைப் படித்தவர்க்கு 1892 நினைவுக்கு வரும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு ஊறாக எந்த நாட்டின் படைப்பயன்பாட்டுக்கும் விடுவதில்லை. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இருநாடும் கூட்டாகச் சீர்செய்யும். அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையங்களை மறு ஆய்வு செய்யும். காப்பவன் தனக்கு வேண்டியதை மடலில் உறுதியாக வாங்கிக்கொண்டான். காக்கப்பட்டவர்க்குக் கிடைத்த வடகிழக்கு இணைப்பை 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நயன்மன்றம் செல்லாதென்றது. உடன்படிக்கையின் மறுபக்கத்துக்காரரான தில்லி அதனைத் தடுத்து நிறுத்தவில்லை. தும்புத் தீவுகளருகே நின்ற ஆங்கிலக் கப்பலைப் போல.

மீண்டும் நம் ஊர். கடலோரத்தார்க்கு நேர்ந்தது கடலோரத்தோடு நிற்கும் என்று பின்னலாடைக்காரர் எண்ண வேண்டா. பன்னாட்டு நூலிழை உடன்பாடு 1974-இல் தொடங்கியது முதல் 2004-இன் இறுதிவரை, எந்த நாட்டுக்கு எத்தனை ஆடை அனுப்பலாம் என்னும் பங்களவு தில்லியில் பங்கிடப்பட்டது. இங்கிருந்து தொடர்வண்டி ஏறித் தில்லியில் காத்துக்கிடந்த கதைகளை நம் மூத்த ஏற்றுமதியாளர் அறிவர். 2025 ஆகத்து 27 முதல் அமெரிக்கா நம் பொருள்கள்மீது 50 விழுக்காட்டு வரி விதித்தது. அதில் பாதி, தில்லி உருசியாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டம். எண்ணெய் வாங்குவது சரியா பிழையா என்பது வேறு பேச்சு. அவ்வெண்ணெயில் ஒரு துளி ஊதியமும் காணாத தையல்காரப் பெண்ணின் கூலியில் அத்தண்டம் இறங்கியது என்பதே இங்குள்ள பேச்சு. முடிவு எடுத்த மேசையிலும் அவள் இல்லை. முடிவை மாற்றப் பேசிய மேசையிலும் அவள் இல்லை.

வெளியுறவு ஒரே கையில் இருந்தாலன்றி நாடு சிதறிவிடும் என்று நம்மை அச்சுறுத்துவர். செருமனி சிதறிவிட்டதா? ஒரு மாநிலத்தின் தனிநிலையைத் தொடும் உடன்படிக்கையைச் செய்யுமுன் அம்மாநிலத்தைக் காலத்தோடு கேட்க வேண்டும் என்பது அந்நாட்டு அடிப்படைச் சட்டத்தின் 32-ஆம் கூறு. நடுவணரசின் இசைவோடு மாநிலங்களே தமக்குரிய பொருள்களில் அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்யலாம் என்பதும் அக்கூறே. சுவிட்சர்லாந்தின் மண்டிலங்களுக்கு 56-ஆம் கூறு அவ்வுரிமையைத் தருகின்றது. பெல்சியத்தின் வலோனிய மாநிலம் 2016 அக்டோபரில் இசைவு தர மறுத்ததால், ஐரோப்பிய ஒன்றியமே கனடாவோடு செய்யவிருந்த வணிக உடன்படிக்கையைச் சில நாள் நிறுத்திவைத்து, வலோனியர் கேட்ட விளக்கங்களை எழுதிக்கொடுத்தபின் கையெழுத்திட்டது. அந்நாடுகளில் ஒன்றும் உடையவில்லை.

ஐரோப்பாவை விடுவோம், அது வெள்ளையர் ஊர் என்பர். என் மாணவர் முகவரி ஒட்டும் அந்த அமீரகத்தையே பார்ப்போம். 1971-இல் அவர்கள் தமக்கென எழுதிக்கொண்ட அரசியலமைப்பில் வெளியுறவு ஒன்றியத்திற்குரியதுதான். ஆயின் 123-ஆம் கூறு ஒரு விலக்கைத் தருகின்றது. உறுப்பு அமீரகம் ஒவ்வொன்றும் அண்டை நாடுகளோடும் அண்டைப் பகுதிகளோடும், உள்ளூர் ஆட்சி தொடர்பான வரம்புக்குட்பட்ட உடன்படிக்கைகளைத் தானே செய்துகொள்ளலாம். ஒன்றியத்தின் நலனுக்கும் சட்டத்துக்கும் முரணாகாமல், உச்ச அவைக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு. அச்மான் என்னும் அமீரகம் நம் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது. அந்த அச்மானுக்கு உள்ள உரிமை, 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 7 கோடியே 21 இலக்கம் மக்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு இல்லை. நூறாண்டு காலம் பிறன் கையெழுத்தின் கீழ்க் கிடந்தவர்கள், விடுதலை பெற்ற அன்றே தம் உறுப்பு நாடுகளின் கையில் ஓர் எழுதுகோலை வைத்தனர். அதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டின் நிலத்தையோ கடலையோ மக்களையோ தொடும் எந்த உடன்படிக்கையும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் வாக்கெடுத்து இசைந்தாலன்றிச் செல்லாது என்று 253-ஆம் கூறு திருத்தப்பட வேண்டும். சட்டமன்றம் கலைக்கப்பட்டிருக்கும் காலத்தில் அத்தகைய உடன்படிக்கை எதனையும் செய்தல் கூடாது. 1976 மீண்டும் வரலாகாது. மீன்பிடி, அண்டைக் கரையோடு வணிகம், ஏதிலியர் மீள்வு ஆகிய மூன்றிலும் இலங்கையோடும் அங்குள்ள வடக்கு கிழக்கு மாகாணங்களோடும் வரம்புக்குட்பட்ட உடன்படிக்கை செய்யும் உரிமை தமிழ்நாட்டுக்கு வேண்டும். வணிக உடன்படிக்கை பேசும் மேசையில், அப்பொருளைச் செய்யும் ஊரின் பேராளர்க்கு, முதலாளிக்கு மட்டுமன்றித் தொழிலாளிக்கும், இருக்கை வேண்டும். மாநில உரிமைகளை ஆராயத் தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்பிரலில் நயனர் குரியன் சோசப்பு தலைமையில் குழு அமைத்தது. நம் மாவட்டத்துத் தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர் அமைப்புகளும் 253-ஆம் கூறுபற்றி ஒரு வரியேனும் அரசுக்கு எழுதினவா என்று அவற்றின் செயலாளர்களை உறுப்பினர் கேட்க வேண்டும். சுங்கவரிச் சலுகைக்குத் தில்லிக்கு நன்றி மடல் எழுதியவர்களுக்கு இதற்கும் ஒரு தாள் கிடைக்கும்.

அந்த இளைஞர் சென்ற கிழமையும் வந்திருந்தார். சார்சாவுக்குப் பெட்டிகள் போய்க்கொண்டிருக்கின்றனவாம். இம்முறை அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை; 1976-ஆம் ஆண்டு மடலின் தமிழாக்கம் கிடைக்குமா, கூடத்தில் நண்பர்க்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றார். பெயர்த்துக் கொண்டிருக்கிறேன்.